பெரிய மரத்தடி வீடும் ஓயாத சருகும்: திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இடமாற்றத்தில் வந்து வாடகைக்கு வீடு எடுத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி அம்மா அப்பாவின் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவர்கள், கொழும்பில் மாடி வீட்டில் வளர்ந்து இங்கே கலியாணம் முடித்து வந்தவர்கள் எல்லாரும் முதல் வருடத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த மரம் எப்பதான் கொட்டி முடிக்கும்?" காலையில் கூட்டிய முற்றம் பத்து மணிக்குக் கூட்டாத முற்றமாகக் கிடக்கும். பின்னேரம் இன்னொரு தடவை விளக்குமாற்றை எடுப்பார்கள். ஒரு மாதத்தில் இடுப்புப் பிடிக்கும். அப்புறம் மரத்தைத் தறிக்க ஆள் தேடுவார்கள்.

தறிக்க முதல் ஒரு முழு வருடம் பொறுங்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை, கச்சான் காற்று மேற்கிலிருந்து வெக்கையை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் நாட்களில், கூரைக்கு மேல் கவிந்து நிற்கும் அந்த மரம்தான் வீட்டுக்குள் ஆளை இருக்க விடுகிறது. மரம் போன பிறகு அந்த வெயிலுக்குப் பதில் சொல்ல ஏசி வேண்டும், ஏசிக்கு மாதாமாதம் மின்கட்டணம் வேண்டும். சருகு அள்ளுவது அதைவிட மலிவு.

இந்த வேலையில் பாடுபடுகிறவர்களைக் கவனித்தால் பெரும்பாலும் முழு வளவையும் ஒரே மாதிரித் துப்பரவாக வைக்கப் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். சருகு எங்கே கிடக்கவே கூடாது, எங்கே கிடக்கலாம், எங்கே கிடந்தால் நல்லது என்று முதலில் பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். கீழே உள்ளதெல்லாம் அந்தப் பிரிப்பைச் செய்து முடிக்கும் வழிதான்.

முதலில் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா மரமும் ஒரே மாதிரிக் கொட்டாது. உங்கள் வளவில் நிற்பது எது என்பதைப் பொறுத்தே உங்கள் வருடம் அமையும்.

வேம்பு என்றால் தைப்பொங்கல் முடிந்த கையோடு மஞ்சளாகத் தொடங்கும். மாசியில் மரம் பாதி மொட்டை. பங்குனியில் செம்பு நிறத் தளிர் வந்துவிடும், சித்திரையில் பூக்கும். புதிதாக வந்தவர் "அப்பாடா, முடிந்தது" என்று மூச்சு விடும் நேரத்தில் பூக் கொட்டத் தொடங்கும். அந்தப் பூவைக் கூட்டித் தள்ளாதீர்கள். இரவே மரத்தடியில் ஒரு பழைய துணியை விரித்துவிட்டால் காலையில் மண் படாத பூ கிடைக்கும். காய வைத்து எடுத்தால் வேப்பம்பூ வடகத்துக்கு ஆகும். பக்கத்து வீட்டில் வயதான அம்மா யாராவது இருந்தால் எப்படிச் செய்வது என்று கேளுங்கள், பாதி வேலையை அவரே செய்துவிடுவார். ஆனி, ஆடியில் பழம் விழும். காகமும் வௌவாலும் சப்பிப் போட்ட கொட்டை சீமெந்துத் தரையில் வழுக்கும், மணக்கும், இலையான் மொய்க்கும். இலையை இரண்டு நாள் விட்டாலும் பழத்தை விடக் கூடாது.

மாவும் பலாவும் மொத்தமாகக் கொட்டுவதில்லை. வருடம் முழுக்க தினம் கொஞ்சம் போடும். இலை தடிப்பு, மேலே மெழுகுப் பிடிப்பு, அதனால் லேசில் உக்காது. புளிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பொடி இலை. விளக்குமாற்றுக்கும் சிக்காது, கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குப் போட்ட வலைக்கும் சிக்காது, ஈரத்தில் சேறு மாதிரி ஒட்டும். வாதுமை வருடத்துக்கு இரண்டு தடவை சிவந்து கொட்டும். ஒவ்வொரு இலையும் கையளவு பெரிது என்பதால் கண்ணுக்குத்தான் பயங்கரம். வாரி எடுப்பதற்கு அதைப் போல லேசான சருகு வேறில்லை. ஆனால் ஒரு நல்ல மழைக்கு அதில் நாலு இலை போதும், வாய்க்கால் வாயை மூடிவிடும்.

வளவைப் பிரியுங்கள்

ஒரு பின்னேரம் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்.

சருகு கிடக்கவே கூடாத இடங்கள்: கூரைப் பீலி, ஓட்டுக் கூரையில் இரண்டு சரிவு சேரும் மடிப்பு, கிணறு, தண்ணீர்த் தாங்கி, மழைநீர் வாய்க்கால், வாசற்படி, ஆள் நடக்கும் பாதை. வீட்டுச் சுவரை ஒட்டியும் இரண்டு அடிக்குச் சருகு வேண்டாம். சுவரோடு குவிந்த சருகுக்குள் கறையான் பாதை போட்டுக்கொண்டு அப்படியே கதவு நிலைக்கு ஏறிவிடும். இங்கே கறையானுக்கு இடம் கொடுத்தவர்கள் கதவை மாற்றித்தான் பாடம் படித்திருக்கிறார்கள்.

கிடந்தால் நல்ல இடங்கள்: மரத்தின் நிழல் விழும் வட்டம், தென்னை அடி, வாழை அடி, வேலிக்கரை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மண் வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. அங்கே தரையைக் கண்ணாடி மாதிரிக் கூட்டி வைப்பது மண்ணுக்குச் செய்யும் கெடுதல். சருகு போர்த்திய மணல் ஆடி மாத வெயிலிலும் ஒரு விரல் ஆழத்தில் ஈரமாக இருக்கும். பக்கத்திலேயே வெறும் மணலையும் தோண்டிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

மிச்சம் உள்ள இடம், அதாவது முன் முற்றம், உங்கள் விருப்பம். வெள்ளிக்கிழமை கோலம் போடுகிறவர்கள் தினமும் கூட்டத்தான் போகிறார்கள். மற்றவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட்டினால் ஒன்றும் குறையாது.

கூட்டும் வேலை

இதற்கு விலை கூடிய சாமான் எதுவும் தேவையில்லை. நீளத் தடியில் கட்டிய ஈர்க்கு விளக்குமாறு, பல் வைத்த வாரி (கடையில் றேக் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்), ஒரு கடகம், ஒரு பழைய படங்கு. தும்புத்தடியை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முற்றத்து மண்ணில் அது ஒரு மாதம் தாங்காது. ஈர்க்கு விளக்குமாறு வாங்கும்போது தடி உங்கள் நெஞ்சு உயரம் வருகிறதா என்று பாருங்கள். கட்டைத் தடி வாங்கிக் குனிந்து கூட்டுவதால்தான் பலருக்கு இடுப்பு வலிக்கிறது.

நேரம் முக்கியம். விடியற்காலையில் காற்று ஓய்ந்திருக்கும், இரவுப் பனியில் சருகும் கொஞ்சம் பதமாக இருக்கும். கச்சான் காலத்தில் ஒன்பது மணிக்குப் பிறகு கூட்டுவது வீண். ஒரு பக்கம் குவிக்க மறுபக்கம் காற்று பிரித்துப் போடும். புழுதி கிளம்பும் மண் என்றால் முதலில் கை அளவு தண்ணீர் தெளியுங்கள். விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: இருட்டில் சருகுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது.

கூட்டும் திசையைப் படங்கு இருக்கும் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னக் குவியலாக ஐந்தாறு இடத்தில் சேர்த்து, பிறகு கடகத்தில் அள்ளி, நடந்து, கொட்டி, திரும்பி வருவதில்தான் நேரம் போகிறது. படங்கைத் தரையில் விரித்து, வாரியால் நேரே அதன் மேல் இழுத்து, நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் கடகத்தில் பல நடை போக வேண்டிய சருகு ஒரே இழுவையில் போய்விடும். படங்கு இல்லாவிட்டால் பழைய படுக்கை விரிப்பும் ஆகும்.

பழைய குவியலைத் தொடும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். பல நாள் கிடந்த சருகுக்குள் தேள், பூரான் சாதாரணம். புடையனும் சுருட்டை விரியனும் நிறத்தில் சருகோடு சருகாகக் கிடக்கும். காலில் மூடிய சப்பாத்து, கையில் தடி. முதலில் தட்டுங்கள், கொஞ்சம் பொறுங்கள், வாரியால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் புரட்டுங்கள். வெறுங்கையை உள்ளே விடவே வேண்டாம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எல்லாம் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மழை காலத்தில் மயிர்க்கொட்டியும் இருக்கும், மாமரம் என்றால் முசுறுக் கூடு இலையோடு கழன்று விழும். நீளக் கை வைத்த பழைய சட்டை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

பீலி, கூரை, கிணறு

இந்த ஊரில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வந்து கொட்டிவிடும். ஒன்பது மாதம் பீலியில் அமைதியாகச் சேர்ந்த சருகு ஒரே இரவில் தன் வேலையைக் காட்டும். தண்ணீர் பீலியை மீறிச் சுவரில் வழியும், ஓட்டு மடிப்பில் தேங்கி உள்ளே ஒழுகும். ஆகவே புரட்டாசி முடியுமுன் பீலியை ஒரு தடவை கட்டாயம் துப்பரவாக்குங்கள். முதல் இரண்டு பெரிய மழைக்குப் பிறகு இன்னொரு தடவை, ஏனென்றால் முதல் காற்றும் மழையும் மரத்தில் காய்ந்து நின்றதையெல்லாம் உலுக்கிப் போட்டிருக்கும். வேம்பு உள்ள வீட்டுக்குப் பங்குனியில் மூன்றாவது தடவை.

ஏணி வைத்துச் செய்யும் வேலை இது. ஏணியை ஒருவர் பிடிக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் ஏறி நடக்காதீர்கள். பார்க்க உறுதியாக இருக்கும், பழையது காலடியில் பொறிந்துவிடும். கையால் அள்ளி வாளியில் போட்டு முடித்த பிறகு ஒரு குழாயால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீழே இறங்கும் பைப்பில் தண்ணீர் தாராளமாக வந்தால் சரி. இல்லாவிட்டால் வளைவில் எங்கேயோ கட்டி இருக்கிறது, நீளக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும்.

பீலிக்கு வலை போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். திருக்கடலூர்ப் பக்கம் மீன்பிடிக் குடும்பங்களிடம் கேட்டால் கழித்துப் போட்ட நைலோன் வலை கிடைக்கும். சின்னக் கண் வலையாகப் பார்த்து வாங்கிப் பீலி மேல் கொஞ்சம் மேடாக வரும்படி இழுத்துக் கட்டுங்கள். தட்டையாகவோ தொய்வாகவோ கட்டினால் சருகு அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். மா, பலா, வாதுமைக்கு இது நன்றாக வேலை செய்யும். வேம்புக்குப் பாதி. புளிக்கு வீண்.

என்னைக் கேட்டால், மழைநீரைச் சேர்க்காத வீட்டுக்கு மரத்தடிப் பக்கம் பீலியே தேவையில்லை. கழற்றிவிட்டு, தாழ்வாரத் தண்ணீர் விழும் கோட்டில் ஒரு அடி அகலத்துக்குச் சல்லி பரப்பிவிடுங்கள். மண் அரிக்காது, ஏணி ஏறும் வேலையும் இல்லை. டெங்குக்கும் அதுதான் நல்லது. 2017-இல் டெங்கு நாட்டையே ஆட்டியபோது கிண்ணியாப் பக்கம் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்காது. அந்த நுளம்பு தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். சருகு அடைத்த பீலியில் இது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். தரையிலும் அப்படித்தான். சருகுப் போர்வைக்குக் கீழே கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை, குரும்பைக் கோம்பை, பொலித்தீன் துண்டு எல்லாம் தண்ணீர் பிடித்து வைக்கும். மழை காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை வாரியால் கிளறி இவற்றைப் பொறுக்கி எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது நுளம்புக் குடம்பி இருந்தால் வழக்கு வரும். 2007-இல் இதற்கென்றே சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள்.

கிணற்றுக்கு மேல் மரம் கவிந்தால் வலை தவிர வேறு வழி இல்லை. அதே மீன் வலைதான். ஒரு இரும்பு வளையத்தில் அல்லது தடிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடி மாதிரி வைத்தால் வாளி விடும்போது தூக்கிக்கொள்ளலாம். விழுந்த இலை அடியில் உக்கினால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி வாடை வரும். ஆவணியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும் நேரம் பார்த்துக் கிணறு இறைப்பவர்களைக் கூப்பிட்டு அடிச் சேற்றை எடுப்பது நல்லது. நீங்களே இறங்க வேண்டாம். உக்கிய சேற்றைக் கிளறும்போது நச்சு வாயு கிளம்பலாம், அது பழகினவர்கள் செய்யும் வேலை.

அள்ளிய சருகை என்ன செய்வது

சுலபமான வழி போர்வை. பிரித்து வைத்த இடங்களில் நாலு விரல் தடிப்பத்துக்குப் பரப்பிவிடுங்கள். மரத்தின் அடித்தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். தண்டோடு ஒட்டி ஈரச் சருகு கிடந்தால் பட்டை அழுகும். தென்னைக்கு அடியைச் சுற்றி ஆறு அடி தூரம் வரை போடலாம், அதன் வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் தீனி தேடும். மேலே நாலு தென்னோலையைக் குறுக்கே போட்டால் கச்சான் காற்று தூக்கிக்கொண்டு போகாது.

ஒரு பெரிய மரம் போடும் சருகு இதற்கும் மேல் மிஞ்சும். அதைக் கூட்டெரு ஆக்குங்கள். புத்தகத்தைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் இங்கே தோற்பதற்குக் காரணம் காலநிலை. எங்களுக்கு ஒரே வருடத்தில் இரண்டு ஊர். தை முடிய எட்டு மாதம் வறட்சி, அப்புறம் மூன்று மாதம் வெள்ளம். வறட்சிக் காலத்தில் தரைக்கு மேல் குவித்த சருகு எத்தனை மாதம் போனாலும் சருகாகவே இருக்கும். மழை காலத்தில் குழிக்குள் போட்டது ஊறி நாறும். ஆகவே தை முடிந்ததிலிருந்து புரட்டாசி வரை குழி, ஐப்பசியிலிருந்து தரைக்கு மேல் குவியல்.

குழி மூன்று அடிக்கு மூன்று அடி, ஆழம் இரண்டு அல்லது மூன்று அடி. மரத்தின் பெரிய வேரை வெட்டாத இடமாகவும், கிணற்றுக்குத் தூரமாகவும், நிழலாகவும் பாருங்கள். மா, பலா இலையை அப்படியே போடாதீர்கள். படங்கில் பரப்பி ஒரு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காய விட்டுச் சப்பாத்துக் காலால் மிதித்தால் நொறுங்கிவிடும். பிள்ளைகள் இருந்தால் இந்த வேலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. நொறுக்கிய இலை முழு இலையைவிட வெகு சீக்கிரம் உக்கும்.

அடுக்கும் முறை: சருகு ஒரு சாண், அதன் மேல் பச்சை நாலு விரல், ஒரு கை பழைய பசளை அல்லது மண், தண்ணீர் தெளிப்பு. பிறகு மறுபடி சருகு. பச்சை என்று சொன்னது மரக்கறிக் கழிவு, புல்லு, வேலிக் கிளிசரிடியாக் குழை, மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். வெறும் சருகில் கரி (காபன்) அதிகம், தழைச்சத்து (நைதரசன்) குறைவு. அதைத் தின்று உக்க வைக்கும் நுண்ணுயிருக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரி இருந்தால் வேலை ஓடும். காய்ந்த இலையில் அது 60 பங்குக்குப் பக்கத்தில் நிற்கும். பச்சை சேர்ப்பது இந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான்.

திருகோணமலையில் இதற்கு ஒரு தனிச் செல்வம் உண்டு: மீன். மீன் கழுவிய தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். பாதியைச் சருகுக் குழிக்கு ஊற்றுங்கள். தழைச்சத்தும் ஈரமும் ஒரே வாளியில் போகும். செதில், குடல் போடுவதென்றால் நடுவில் போட்டு மேலே இரண்டு சாண் சருகும் ஒரு தகரத் துண்டும் கல்லும் வைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் தெரு நாய் இரவோடு இரவாகக் குழியை வளவு முழுக்கப் பரப்பிவிடும், பக்கத்து வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க இரண்டு சோதனை. உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் கூடிவிட்டது, காய்ந்த சருகு சேருங்கள். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது. அடுத்தது சூடு. ஒரு வாரம் கழித்து அலவாங்கை நடுவில் குத்திக் கால் மணி நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் நன்றாக உக்குகிறது. குளிர்ந்து கிடந்தால் பச்சை போதவில்லை, அல்லது காய்ந்துவிட்டது, அல்லது குவியல் மிகச் சின்னது. மூன்று அடிக்குக் குறைந்த குவியல் சூடு பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மண்வெட்டியால் புரட்டிப் போட்டால் மூன்று, நாலு மாதத்தில் கறுத்து, மண் வாசம் வந்துவிடும். பங்குனியில் போட்டது ஆடியில் தயார். புரட்டாசியில் கத்தரியும் மிளகாயும் வைக்கும் பாத்திக்கு அது கணக்காக வரும்.

புரட்ட நேரமில்லாதவர்கள் வேலியோரம் நாலு தடி நட்டு, பழைய வலையைச் சுற்றிக் கூடு மாதிரிக் கட்டி உள்ளே சருகை மட்டும் போட்டு மிதித்து, இடைக்கிடை தண்ணீர் விட்டு விடுங்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். ஆனால் நாற்று மேடைக்கு அதைப் போல மிருதுவான உக்கல் கிடைக்காது.

வேப்பஞ் சருகைப் பற்றிச் சிலர் பயப்படுவார்கள், அது மண்புழுவைக் கொல்லும் என்று. கலந்து போடுங்கள், குழியில் பாதிக்கு மேல் வேம்பே ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்த வேப்பிலையில் கொஞ்சத்தை அரிசி, பயறு வைக்கும் வாளிக்குள் போட்டால் வண்டு அண்டாது.

கொளுத்தாதீர்கள்

பின்னேரம் ஆறு மணிக்கு ஒவ்வொரு வளவிலும் புகை எழும்பும். நீங்களும் பழகிவிடாதீர்கள். இளைப்புக்காரர், கைக்குழந்தை உள்ள வீடு எப்போதும் காற்றுப் போகும் பக்கமாகத்தான் இருக்கும். மரத்தடியில் கொளுத்தினால் மேல் வேர் அவியும், பட்டை வெடிக்கும், வெடிப்புக்குள் பூச்சி நுழையும். கச்சான் காலத்தில் ஒரு பொறி கிடுகு வேலிக்குப் போனால் தண்ணீர் கொண்டு வருவதற்குள் வேலி இருக்காது. 2017-இல் திறந்த வெளியில் குப்பை எரிப்பதை வர்த்தமானி மூலம் தடையும் செய்திருக்கிறார்கள். நுளம்புக்குப் புகை போட வேண்டும் என்றால் ஒரு சட்டியில் தணலும் ஒரு பிடி வேப்பஞ் சருகும் போதும்.

தெருவில் வைப்பது

மிஞ்சியதைச் சபை வண்டிக்குக் கொடுக்கலாம். பொலித்தீன் பையில் கட்டி முதல் நாள் இரவே படலைக்கு வெளியே வைக்காதீர்கள். இந்த ஊரில் கோட்டைப் பக்கத்து மான்கள் நகரத் தெருக்களிலும் திரியும் என்பது புதியவர்களுக்கு அதிசயம், இருப்பவர்களுக்கு அன்றாடம். மாடும் மானும் பையைக் கிழித்து உள்ளே சாப்பாட்டு வாசம் பட்ட பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும். அது வயிற்றை அடைத்து உயிரை எடுக்கும். உரப்பையில் கட்டி, வண்டி வரும் காலையில் வெளியே வையுங்கள். சருகுப் பையில் சமையல் கழிவைக் கலக்காதீர்கள். வாய்க்காலுக்குள் தள்ளுவது எல்லாவற்றிலும் மோசம், கார்த்திகையில் அந்தத் தண்ணீர் திரும்பி உங்கள் படிக்கே வரும்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

மரம் உங்களுடையது, சருகில் பாதி அவர்களுடைய கூரையில். அவர்கள் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். பீலி துப்பரவாக்கும் முதல் வருடமே நீங்களாகப் போய்க் கேளுங்கள்:

"அக்கா, எங்கட வேம்பு உங்கட பீலிக்குள்ள கொட்டுது. சனிக்கிழமை எங்கட பீலிக்கு ஆள் வருது, உங்கடதையும் சேர்த்துச் செய்யச் சொல்லட்டோ?"

"அதுக்கென்ன பிள்ளை, வரச் சொல்லுங்கோ. அப்பிடியே பின்பக்கம் தொங்கிற தென்னோலையையும் ஒருக்கா இழுத்து விடச் சொல்லுங்கோ."

கூலியில் கொஞ்சம் கூடத்தான் போகும். பிறகு நீங்கள் ஊருக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். ஆனியில் மாம்பழம் பழுத்தால் ஒரு கூடை மதிலுக்கு மேலால் போகட்டும்.

கொப்பு வெட்டுவது

இவ்வளவுக்கும் பிறகு கூரையில் உரசும் கொப்பு, கிணற்றுக்கு மேல் நேரே நிற்கும் கொப்பு, காய்ந்த கொப்பு இவற்றை எடுக்கத்தான் வேண்டும். அதற்கு ஆவணி, புரட்டாசி நல்ல காலம். வாடைக்காற்று தொடங்கினால் மரம் ஏறுகிறவர்கள் ஏறமாட்டார்கள். 1964 டிசம்பர்ப் புயலைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரெவி கரையேறியதும் எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கரைப் பக்கம்தான். கார்த்திகைக்கு முன் காய்ந்த கொப்பு ஒன்றும் வீட்டுக்கு மேல் நிற்கக் கூடாது.

வெட்ட வருகிறவர் "தலையை இறக்கிவிடவோ?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். தலை வெட்டிய மரம் அடுத்த மழைக்கே வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகப் புதுக் கொப்பு விடும். இலை முந்தியதைவிட அடர்த்தியாக வரும், கொப்புப் பலமில்லாமல் காற்றுக்குக் கிழியும். அதற்குப் பதில் உள்ளே ஒன்றோடொன்று உரசுவதையும், வீட்டுப் பக்கம் நீண்டதையும் அடியோடு, தாய்க் கொப்போடு சேரும் புடைப்புக்குக் கொஞ்சம் வெளியே வெட்டச் சொல்லுங்கள். மொத்தப் பச்சையில் நாலில் ஒன்றுக்கு மேல் ஒரே வருடத்தில் எடுக்க வேண்டாம். பெரிய கொப்பு என்றால் முதலில் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டு, பிறகு மேலிருந்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முறியும்போது பட்டையை உரித்துக்கொண்டு கீழே வரை வரும். கயிறு கட்டி இறக்காத ஆளுக்கு வேலை கொடுக்காதீர்கள். மின்கம்பிக்குப் பக்கத்துக் கொப்பை யாரையும் கொண்டு வெட்டுவிக்க வேண்டாம், மின்சாரம் விநியோகிக்கும் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

மரத்தையே தறிக்கும் முடிவு என்றால், பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் அனுமதி வேண்டும். 1951-இலிருந்து இருக்கும் சட்டம் அது. கிராம சேவகரிடம் முதலில் போங்கள், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு வழி காட்டுவார். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்தும் வேண்டும்.

வெட்டிய அன்று வளவு முழுக்கக் குழையாகக் கிடக்கும். பலாக் குழை என்றால் ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள், பொழுதுபட முன் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். மெல்லிய கொப்புகளைப் பந்தல் தடிக்கும் கூட்டெருக் குழியின் அடித்தட்டுக்கும் எடுத்து வையுங்கள். விறகுக் கட்டையைத் தரையில் போடாமல் இரண்டு கல்லு வைத்து அதன் மேல் கொட்டிலுக்குள் அடுக்குங்கள். முற்றத்தில் கிடந்தால் கார்த்திகை முடிய முன் பாதியைக் கறையான் தின்றிருக்கும்.